ஆஸ்பத்திரிக்குப் போக லீவு எடுப்பது எப்படி? வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில், அதாவது வருகைக் கணக்கு பார்க்கும் இடத்தில், பல வருடம் இருந்தேன். கேட் பாஸ் புத்தகம் என் மேஜையில்தான் இருக்கும். நீளமான புத்தகம், இடையிடையே நீலக் கார்பன் தாள். பெயர், டோக்கன் எண், வெளியே போகும் நேரம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் 'சொந்த வேலை' என்றுதான் எழுதுவார்கள். அவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கக்கத்தில் ஸ்கேன் கவர் இருக்கும்.

வெல்டிங்கில் ஒரு அண்ணன் இருந்தார். சர்க்கரை நோய். மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பதால் ஆறு மாதம் போகவே இல்லை. கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறாமல், கடைசியில் விரலையே எடுக்கும்படி ஆனது. எங்கள் கம்பெனியில் இரண்டு மணி நேரப் பெர்மிஷன் எடுத்தால் போனஸ் போகாது. அது அவருக்குத் தெரியாது. தினமும் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போவார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

எந்த லீவு, எப்போது கேட்பது, எந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், லீவு கேட்கும்போது வரும் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆளாளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுப்பார்கள். அப்போதே லீவு விவரத்தையும் கேட்டுவிடுங்கள். காய்ச்சலோடு நின்று கேட்டால் அவசரத்துக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். நன்றாக இருக்கும்போது கேட்டால் விதி தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

மாதத்துக்கு எத்தனை பெர்மிஷன், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளுங்கள். அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டென்றால், எது எடுத்தால் அது போகும் என்று கேளுங்கள்: பெர்மிஷனா, அரை நாளா, முழு நாளா. எத்தனை நாள் லீவுக்கு மேல் டாக்டர் சீட்டு கேட்பார்கள்? திடீரென்று வர முடியாமல் போனால் யாருக்குச் சொல்ல வேண்டும், சூப்பர்வைசருக்கா, எச்.ஆருக்கா? போன் செய்தால் போதுமா, வாட்ஸ்அப்பில் எழுத வேண்டுமா? கிடைத்த பதிலையெல்லாம் போனில் குறித்துக்கொள்ளுங்கள். எச்.ஆர். சொல்வதை ஒரு தடவையும், அதே செக்‌ஷனில் ஐந்தாறு வருடம் இருக்கிற ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ இன்னொரு தடவையும் கேளுங்கள். எழுதியிருக்கும் விதிக்கும் நடைமுறைக்கும் எங்கே வித்தியாசம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"புரொபேஷன் முடியுற வரைக்கும் லீவே கிடையாது" என்று பல இடங்களில் சொல்வார்கள் (புரொபேஷன் என்பது வேலை நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலம்). கடை, அலுவலகம், ஐ.டி. கம்பெனி, ஓட்டல் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, வேலையில் சேர்ந்த முதல் 12 மாதங்களிலேயே நோய்க்காகச் சம்பளத்துடன் 12 நாள் வரையும், நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தருகிறது. ஒரு வருடம் முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்பது இவை இரண்டும் தவிர்த்த மற்ற 12 நாள் விடுமுறைக்கு. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, மற்ற ஊழியர்களுக்குப் பொருந்தும். முதல் மாதமே இதைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. சட்டம் இப்படி இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவர் குரலே வேறு மாதிரி இருக்கும்.

தொழிற்சாலை என்றால் ஈட்டிய விடுப்பு, அதாவது இ.எல்., வேலை செய்த 20 நாளுக்கு 1 நாள் என்ற கணக்கில் சேரும். புதிதாகச் சேர்ந்தவர் கணக்கில் ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் சில மாதங்களுக்கு உங்களுக்குப் பெர்மிஷனும் ஷிப்டும்தான் கைகொடுக்கும்.

எந்த வேலைக்கு எந்த லீவு

ரத்தப் பரிசோதனை, பல் டாக்டர், கண் பரிசோதனை, மாத்திரை வாங்குவது, ரிப்போர்ட் காட்டுவது எல்லாம் இரண்டு மூன்று மணி நேர வேலை. பெர்மிஷன் போதும். இதற்கு முழு நாள் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, போட்டு வீணாக்காதீர்கள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, புது டாக்டரை முதன்முறை பார்ப்பது ஆகியவை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அதற்கு அரை நாள் எடுங்கள். எண்டோஸ்கோப்பிக்கு மயக்க மருந்து கொடுத்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, மெஷினிலும் நிற்கக்கூடாது. முழு நாளே எடுத்துவிடுங்கள், துணைக்கு ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

காய்ச்சல் போல எதிர்பாராமல் வருவதற்கு எஸ்.எல்., அதாவது நோய் விடுப்பு. ஈ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) உள்ளவர்களுக்குப் பல கம்பெனிகள் தனியாக எஸ்.எல். வைப்பதில்லை. அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ. வழியாக வரும் என்பது அவர்கள் கணக்கு.

அம்மா அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போவது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது என்றால் சி.எல்.தான். உங்கள் உடம்புக்கென்று உள்ள எஸ்.எல்.லை இதற்குப் போட்டால், பிறகு டாக்டர் சீட்டு கேட்கும்போது தர்மசங்கடம் ஆகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி பெரும்பாலும் புதன்கிழமைதான். அந்தப் புதன்கிழமைகளை முன்பே பார்த்து வைத்தால் அரை நாளில் முடியும்.

நாளைத் தேர்வு செய்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்

ஷிப்டில் இருப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இதுதான்: அவசரமில்லாத எந்த டாக்டர் வேலையையும் இரண்டாம் ஷிப்ட் வாரத்துக்குத் தள்ளுங்கள். மதியம் 2 மணிக்கு வேலை என்றால் காலை முழுக்க உங்கள் கையில். அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில்தான் நடக்கும். ஏழு மணிக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் பதினொன்றுக்குள் மாத்திரையோடு வெளியே வரலாம். டாக்டர் "நாலு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லும்போதே போனில் ஷிப்ட் சார்ட்டைப் பாருங்கள். "சார், நாலாவது வாரம் எனக்குக் காலை ஷிப்ட், அஞ்சாவது வாரம் வரட்டுமா, மாத்திரை அதுவரைக்கும் இருக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் மாற்றித் தருவார்கள். ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை எழுதியும் தருவார்கள். கேட்காமல் வந்துவிட்டுப் பிறகு மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

ஜெனரல் ஷிப்ட் ஆட்களுக்கு இன்னொரு வழி உண்டு. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் தமிழ்நாடு அரசு 2023-இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் நடக்கின்றன. பி.பி., சர்க்கரை பார்க்க, காய்ச்சலுக்குக் காட்ட லீவே போட வேண்டியதில்லை, வேலை விட்டு வரும் வழியில் போகலாம். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பதிந்துகொண்டால் மாத்திரை வாங்க மட்டும் போகும் பயணம் மிச்சம்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் லீவு வீணாக்குவது இதில்தான். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு தடவை ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காபியும் கூடாது. 9 மணி டியூட்டிக்குப் போகிறவர் 6 மணிக்கு வீட்டுப் பக்கத்து லேபில் முதல் ரத்தம் கொடுத்து, 6.15-க்குச் சாப்பிட்டு, 8.15-க்கு இரண்டாவதைக் கொடுத்தால் பெர்மிஷனே தேவைப்படாது. லேப் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரை சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. மாலையிலும் கொடுக்கலாம். எந்த டெஸ்ட் எழுதியிருக்கிறார் என்று சீட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

நைட் ஷிப்ட் முடித்து நேராக லேபுக்குப் போகிறவர்கள், ராத்திரி 2 மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார்கள். காலை 7 மணிக்கு அது வெறும் வயிறு ஆகாது. நைட் ஷிப்ட் வாரத்தில் அந்த டெஸ்டை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேட்பது

திட்டமிட்டுப் போவதென்றால் குறைந்தது மூன்று நாள் முன்பு சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கு உங்கள் நோய் என்னவென்பது முக்கியமில்லை. அன்றைக்கு லைனில் யார் நிற்பார்கள் என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலைக்கு நீங்களே பதில் கொண்டு போனால் பாதிக்கு மேல் காரியம் முடிந்தது. பக்கத்து மெஷின்காரரிடம் முதலில் பேசிவிட்டு, பிறகு சூப்பர்வைசரிடம் போங்கள். வாயால் சொன்ன பிறகு வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"சார், வணக்கம். வருகிற செவ்வாய்க்கிழமை காலை எனக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது. 8 மணியிலிருந்து 10 மணி வரை பெர்மிஷன் வேண்டும். அதுவரை என் மெஷினைப் பார்த்துக்கொள்ள செல்வி அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். 10 மணிக்குள் வந்துவிடுவேன், தாமதமானால் 9.30-க்கே போன் செய்கிறேன்."

இதில் நோயின் பெயர் இல்லை, கவனித்தீர்களா? தேவையில்லை. "டாக்டர் அப்பாயின்ட்மென்ட்", "ரிவ்யூ", "டெஸ்ட்" என்ற சொற்களே போதும். என்ன ஏதென்று கேட்டால் "ரெகுலர் செக்கப் சார், டாக்டர் வரச் சொல்லியிருக்கார்" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், மகப்பேறு சிகிச்சையில் இருப்பவர்கள், மாதவிடாய்ப் பிரச்சினைக்குப் போகிற பெண்கள் எல்லாம் வேலை இடத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கூனிக் குறுகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி. விஷயத்தில் இன்னும் உறுதியான பாதுகாப்பு உண்டு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்காக அந்தப் பரிசோதனையைக் கட்டாயப்படுத்தவோ, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கவோ கூடாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொல்வது நல்லது. வலிப்பு, தலைசுற்றல், தூக்கம் வரவைக்கும் மாத்திரை, கண் பார்வைக் குறைவு இருந்து, நீங்கள் பிரஸ்ஸிலோ கிரேனிலோ உயரத்திலோ நிற்பவர் என்றால், கம்பெனி டாக்டரிடமோ நர்சிடமோ சொல்லி, கொஞ்ச நாளைக்கு வேறு வேலை கேளுங்கள். அது உங்கள் கைக்கும் உயிருக்கும்.

காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, அப்போது என்ன செய்வது? ஷிப்ட் தொடங்கும் முன்பே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் மெசேஜ் போடுங்கள். சொல்லாமல் நின்ற நாள் வருகைப் பதிவில் 'ஆப்சென்ட்' என்று விழும். பிறகு சீட்டு கொண்டுவந்தாலும் அதை மாற்றுவது பெரிய பாடு. எங்கள் ஆபீசில் மாதக் கடைசியில் நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

அன்றைக்கு

கேட் பாஸோ பெர்மிஷன் சீட்டோ இல்லாமல் வெளியே போகாதீர்கள். செக்யூரிட்டி அண்ணன் தெரிந்தவர், பரவாயில்லை என்று விட்டால்கூட, வழியில் ஏதாவது ஆனால் உங்கள் கணக்கில் அது வேலை நேரத்தில் வெளியே சுற்றியதாக ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் தேதி போட்ட ஏதாவது ஒரு தாளை வாங்காமல் திரும்பாதீர்கள். ஓ.பி. சீட்டு, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, லேப் பில், பார்மசி பில், எதுவானாலும் சரி. வாங்கியதும் போனில் போட்டோ எடுங்கள். ஓ.பி. சீட்டின் மை ஒரு மழையில் கரைந்துவிடும். பார்மசி பில்லில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிப்போகும். டைம் ஆபீசுக்கு நோயின் பெயர் இருக்கிற தாளைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் லேப் பில்லையோ, "இன்ன தேதியில் சிகிச்சைக்கு வந்தார்" என்று மட்டும் எழுதிய சீட்டையோ கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் எழுதித் தருவார்கள்.

இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மெடிக்கல் சர்டிபிகேட் விற்கிற ஆட்கள் ஊரில் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே டாக்டர் பெயரில் ஒரே கையெழுத்தில் ஐந்து பேர் சீட்டு கொண்டுவந்தால் டைம் ஆபீசில் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போகிற அன்றைக்கு உங்கள் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். பொய்ச் சீட்டுக்கு வேலையே போகலாம்.

ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? இதை நிதானமாகப் படியுங்கள்

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 15,600 ரூபாய் வாங்குபவர் கட்டுவது மாதம் 117 ரூபாய். அதற்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை, உங்களுக்கு நோய் நாட்களில் பணம்.

சேர்ந்தவுடனே எச்.ஆரிடம் பத்து இலக்க இன்சூரன்ஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கார்டில் பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, வீட்டில் இருப்பவர்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா, எந்த டிஸ்பென்சரி (ஈ.எஸ்.ஐ. மருந்தகம்) போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அங்கேயே டிஸ்பென்சரி போட்டுக்கொள்ளலாம். இதை அவசரத்தில் திருத்த முடியாது, இப்போதே திருத்துங்கள்.

புதியவர்கள் குழம்புகிற இடம் இது. சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு. நோய்க்கால உதவித்தொகை, அதாவது வேலைக்கு வராத நாட்களுக்கான பணம், உடனே கிடைக்காது. முதன்முதலாக ஈ.எஸ்.ஐ.யில் சேருகிறவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் பணம் பெறும் காலம் தொடங்கும். அதற்குப் பிறகு கணக்கு ஆறு மாதம் ஆறு மாதமாகப் போகும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது பங்கு கட்டியிருந்தால், அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரை பணம் பெறலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. கிடைப்பது சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை.

முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. நாள் கூலி 600 ரூபாய் உள்ள ஒருவர் டைபாய்டில் 10 நாள் படுத்தால் 8 நாளுக்கு, நாளுக்கு 420 வீதம் 3,360 ரூபாய் வரும். குணமாகி வேலைக்கு வந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் காத்திருப்பு கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள் ஆஸ்பத்திரி வேலைக்கு ஈ.எஸ்.ஐ.யில் ஒரு ரூபாயும் வராது என்பது இதிலிருந்தே புரியும். அதற்குப் பெர்மிஷனும் சி.எல்.லும்தான். மூன்று நாளைத் தாண்டும் என்று தெரிந்தால் முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போய்ச் சர்டிபிகேட் வாங்குங்கள். தனியார் கிளினிக்கில் நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் டிஸ்பென்சரிக்குப் போனால், அந்த நான்கு நாளுக்குப் பணம் கேட்பது கடினம். வேலைக்குத் திரும்பும் முன் ஃபைனல் சர்டிபிகேட் வாங்க மறக்கக் கூடாது. அது இல்லாமல் பல கம்பெனிகளில் உள்ளே விட மாட்டார்கள்.

காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய்கள் 34-க்கு ஒரு பட்டியல் இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும். காசநோய் என்றதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போன பையன்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் பங்கு கட்டியவர்கள். ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு தடவை விசாரித்திருந்தால் போதும்.

வேலை இடத்தில் அடிபட்டால் அதை லீவாக எழுதவே எழுதாதீர்கள். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வா, நான் சி.எல். போட்டுக்கிறேன்" என்று சூப்பர்வைசர் அன்பாகத்தான் சொல்வார். விபத்துப் பதிவேட்டில் ஏறினால்தான் பின்னால் விரல் மடங்காமல் போனாலும் அதற்கு ஈடு கேட்க முடியும். வேலை விபத்துக்கு 78 நாள், ஒன்பது மாதம் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும், சராசரிக் கூலியில் 90 சதவீதம் குணமாகும் வரை உண்டு. விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்தும் சேரும்.

கர்ப்பமாக இருப்பவர்கள்

26 வார மகப்பேறு விடுப்பு பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. மூன்றாவது குழந்தை என்றால் 12 வாரம். ஆனால் அதற்கு முன்னால் மாதா மாதம் போக வேண்டிய பரிசோதனைக்கு எந்த லீவு என்றால், பெரும்பாலான இடங்களில் தனியாக ஒன்றும் கிடையாது. பெர்மிஷனிலும் சி.எல்.லிலும்தான் ஓட்ட வேண்டும். ஆகவே ஏழாம் மாதத்துக்கு முன்பே சி.எல்.லைத் தீர்த்துவிடாதீர்கள், கடைசி மாதங்களில்தான் அடிக்கடி வரச் சொல்வார்கள். அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்று இலவசப் பரிசோதனை நாள் நடக்கிறது. தேதி நிலையாக இருப்பதால் வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

டாக்டர் படுக்கையில் ஓய்வு எடுக்கச் சொன்னால், கர்ப்பத்தால் வரும் நோய்க்கென்று மகப்பேறு விடுப்புக்கு மேலே ஒரு மாதம் சட்டத்தில் உண்டு. கருக்கலைந்தால் ஆறு வாரம். துக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை. மூன்றாம் நாளே வேலைக்கு வந்து நிற்பார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தங்கச்சி நின்றால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இல்லை என்று சொன்னால்

முதலில் நாளை மாற்றிக் கேளுங்கள். "செவ்வாய் முடியாதுன்னா, எந்த நாள் சார் சரியா வரும்?" என்று கேட்டால் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும். தள்ளிப்போட முடியாத அப்பாயின்ட்மென்ட் என்றால், டாக்டர் எழுதிய தேதியைக் காட்டி, லீவு லெட்டரை எழுத்தில் கொடுத்து, நகலில் ஒரு கையெழுத்தோ சீலோ வாங்குங்கள். வாங்க மறுத்தால் எச்.ஆர். மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். நெஞ்சு வலி, நிற்காத ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல் என்றால் எந்த அனுமதிக்கும் நிற்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள், லீவு லெட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிகிச்சையில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்று மிரட்டினால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சான்றிதழோடு சிகிச்சையில் இருக்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்களை வைத்து வாதாடுவதில் பலனில்லை. சீட்டுகளோடு சங்கத்திடமோ, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திடமோ, கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடமோ நேரில் போங்கள். அங்கே முதலில் கேட்பது "எழுத்துல குடுத்தீங்களா?" என்றுதான். மூன்று நாள் முன்பு அனுப்பிய அந்த வாட்ஸ்அப் மெசேஜ் அப்போது கைகொடுக்கும்.

திரும்பி வந்ததும்

சொன்ன நேரத்துக்கு வந்து சேருங்கள், அல்லது சொன்னபடி போன் செய்யுங்கள். அடுத்த தடவை கேட்கும்போது இதுதான் உங்களுக்காகப் பேசும். மெஷினைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு அவர் ஆஸ்பத்திரி நாளில் நீங்கள் நில்லுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும், எடுத்த பெர்மிஷன் பெர்மிஷனாகவே விழுந்திருக்கிறதா, அரை நாளாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் அந்த வாரமே டைம் ஆபீசுக்குப் போய்ச் சொல்லுங்கள். கணக்கு முடித்துவிட்டால் எங்களாலும் திருத்துவது கஷ்டம்.

அடுத்த ரிவ்யூ தேதியைப் போனில் அலாரமாக வைக்கும்போது, அந்த நாளுக்கு வைக்காதீர்கள். நான்கு நாள் முன்னதாக வையுங்கள், சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டிய நாள் அதுதான்.